பேங்க்கே லோன் கொடுக்குது, அப்புறம் என்ன?

வீடு வாங்கலாம் என்று இறங்கியதிலிருந்து என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் இது. புரோக்கர் சொன்னார். விற்பவர் சொன்னார். ஊரிலிருந்து போன் செய்த பெரியப்பா சொன்னார். வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்காத மனிதர் அவர். ஆனாலும் வங்கியின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. "அவன் என்ன சும்மாவா தூக்கிக் கொடுக்கிறான்? வக்கீலை வெச்சு எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே கொடுக்கிறான்." கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் இதற்குப் பளிச்சென்று ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. வீடு வாங்கிக் குடியேறிய பிறகும் அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு கணக்கு தீராமலே இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

புரோக்கர் "மெயின் ரோட்டுல இருந்து நடந்து போற தூரம்" என்று சொன்ன இடத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனது, 1,050 சதுர அடி என்ற வீட்டை உள்ளே நின்று அளந்தால் அதில் முக்கால்வாசிதான் தேறியது, இதையெல்லாம் நான் விரிக்கப்போவதில்லை. வீடு தேடிய எல்லோருக்கும் இது நடந்திருக்கும். போகப்போகச் சிரித்துக்கொள்ளவும் பழகிவிடுகிறோம். என்னைச் சிரிக்க விடாதவை வேறு.

கடனில் சேராத பணம்

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கி எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு இருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80, அதற்கு மேலே 75. இது பலருக்கும் தெரியும். அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது என்பதுதான் கையில் பேனாவை எடுத்த பிறகு தெரிகிறது. பத்து லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. சென்னையில் அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கத் தேடிய 2024இல், பழைய ஃப்ளாட் ஒன்றை மறுவிற்பனையில் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எழுபது லட்சம் ரூபாய் வீடு என்று வையுங்கள். கடன் அதிகபட்சம் 56 லட்சம். கையிலிருந்து 14 லட்சம் என்று நினைத்துக்கொண்டு போனால் பதிவுக்கு மட்டும் இன்னொரு 6 லட்சத்து 30 ஆயிரம் எடுத்து வைக்க வேண்டும். புரோக்கர் கமிஷன், வங்கியின் பிராசசிங் ஃபீஸ், வங்கி வக்கீலுக்கு, மதிப்பீட்டாளருக்கு, பத்திரங்களை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்ய என்று மேலும் சில்லறை. நமக்குச் சில்லறையாக இல்லாத சில்லறை.

இதன் நடுவில் விற்பவர் ஒருவர், முகத்தில் எந்தக் கூச்சமும் இல்லாமல், "ஐம்பதுக்குப் பத்திரம் போட்டுக்கலாம், இருபது கையில கொடுத்துடுங்க" என்றார். இந்த வேண்டுகோளில் இருக்கும் அழகைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். பத்திரத்தில் 50 என்றால் வங்கி தருவது 40. நான் புரட்ட வேண்டியது 14 அல்ல, 30. அதில் 20 ரொக்கமாக. அசையாச் சொத்துக்கு 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்வது இருக்கட்டும். நாளைக்கு நான் விற்கும்போது, வாங்கிய விலை 50 என்றுதான் கணக்கில் இருக்கும். அவர் இன்று கட்டாத வரியை அன்று நான் கட்ட வேண்டியிருக்கும். இதைச் சொன்னதும் அவர், "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க, நீங்க புதுசா?" என்றார். ஆமாம், புதுசுதான். முதல் வீடு வாங்குகிறவன் புதுசாகத்தான் இருப்பான்.

ஒரு சதவீத டிடிஎஸ் விஷயமும் இப்படித்தான். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குகிறவரின் பொறுப்பு. கட்டத் தவறினால் நோட்டீஸ் வாங்குகிறவருக்குத்தான் வரும். மாதச் சம்பளத்தில் மற்றவர்கள் பிடித்தே பழகிய எனக்கு, ஒருவரிடம் போய் "உங்க பணத்துல எழுபதாயிரம் பிடிச்சுக்கறேன்" என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டியிருந்தது.

சரி, இவை எல்லாம் கணக்கு. கணக்கு தெரிந்துவிட்டால் கோபம் வரும், அப்புறம் போய்விடும்.

சான்றிதழில் நான்கு பெயர், பத்திரத்தில் இரண்டு கையெழுத்து

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஒரு ஃப்ளாட் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. எட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். காற்று வரும், தண்ணீர் இருக்கிறது, விலையும் எட்டுகிற தூரத்தில். விற்பவர் ஓய்வுபெற்றவர், முழுத் தொகையும் காசோலையாகவே போதும் என்றார். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். "பத்திரங்களில் குறை இருந்தால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதச் சொன்னாள் மனைவி. புரோக்கர் சிரித்தபடியே எழுதினார். வங்கியிலிருந்து கடனுக்கு அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனாலும் பத்திர நகல்களை எங்கள் சொந்தச் செலவில் ஒரு வக்கீலிடம் கொடுத்தோம். வயதானவர், செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தியவர். செராக்ஸ் கட்டைப் பிரித்தவர் எங்கள் ஃப்ளாட்டின் பத்திரத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. நேராக அடியில் இருந்த தாய்ப்பத்திரத்தை, அதாவது அந்த மனையின் பழைய மூலப் பத்திரத்தை, உருவினார். ஒரு பென்சிலால் ஒரு தாளில் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே வந்தார். 1961இல் ஒருவர் அந்த மனையைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறார். 1983இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோகிறார். 1984இல் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பிறகு மனைவியும் காலமாகிறார். 1996இல் மனை ஒரு கட்டுமானக்காரருக்கு விற்கப்படுகிறது. அந்தப் பத்திரத்தில் "வாரிசுகளாகிய நாங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். மகன்கள்.

பென்சில் மகளின் பெயருக்கு நேராக வந்து நின்றது. "இந்தம்மா எங்க தம்பி?"

எங்களிடம் பதில் இல்லை. விற்பவரிடம் கேட்டோம். அவருக்கே அன்றுதான் அப்படி ஒருவர் இருப்பது தெரியும். யார் யாரையோ விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "கல்யாணத்துக்கு நகை எல்லாம் போட்டு அனுப்பிட்டாங்களாம். சொத்துல எதுவும் வேண்டாம்னு அப்பவே வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுத்துட்டாங்களாம்." வக்கீல் இதைக் கேட்டு அதிரவில்லை. இதே பதிலை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்க வேண்டும். தந்தை சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை கொடுத்த 1989, 2005 திருத்தங்கள் வரை போகவே வேண்டாம். நகை போட்டதால் அந்தப் பங்கு போய்விடாது. விட்டுக்கொடுப்பதென்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், வெள்ளைத்தாள் செல்லாது. ஆக, எட்டு வீடுகள் நிற்கிற மனையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கையெழுத்தே இல்லை.

ஃப்ளாட்டில் நாம் வாங்குவது என்ன? சுவர்களுக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும். மதிப்பு ஏறுவது மனையில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, யுடிஎஸ் என்கிறோமே, அதற்குத்தான். அந்தக் கட்டடத்தின் எட்டுக் குடும்பங்களும் யுடிஎஸ் வாங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே ஓட்டை. விற்பவர் கோபப்பட்டார். "எத்தனை வருஷமா குடியிருக்கோம், யாராவது வந்து கேட்டாங்களா?" என்றார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கும் யாரோ இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள். வக்கீல் சொன்னது வேறு: "கேஸ் வராமலே போகலாம். வந்தாலும் ஜெயிக்கலாம். ஆனா நாளைக்கு நீங்க விற்கப் போகும்போது என்னை மாதிரி ஒருத்தன் இதே இடத்துல பென்சிலை வெச்சுக் கேட்பான்."

யாருடைய வக்கீல்?

எனக்கு அந்தப் பெண்மணியின் பங்கைவிட உறுத்தியது இன்னொன்று. இதே கட்டு வங்கி வக்கீலிடமும் போயிருந்தது. அவருக்கான கட்டணத்தை ஜிஎஸ்டியோடு நான்தான் கட்டியிருந்தேன். அவரும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்திருப்பார் அல்லவா? பார்த்துவிட்டு என்ன எழுதினார்? அந்த லீகல் ஒப்பீனியன் நகலைக் கேட்டு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அது பேங்க்கோட இன்டர்னல் டாக்குமென்ட் சார், கொடுக்க முடியாது." பணம் கட்டியது நான் என்றேன். "ஆமாம் சார், ஆனா ரிப்போர்ட் எங்களுக்கு எழுதினது." சரி, வாரிசு விஷயத்தை அதில் சொல்லியிருக்கிறாரா என்பதையாவது சொல்லுங்கள் என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கிளியர்னு இருக்கு சார்." அப்புறம் குரலைக் கொஞ்சம் தணித்து, நல்ல எண்ணத்தோடுதான், சொன்னார்: "உங்களுக்கு என்ன சார் கவலை? நிரந்தர வேலை, நல்ல சிபில் ஸ்கோர். உங்க ஃபைல்ல எங்களுக்கு ரிஸ்க்கே கிடையாது."

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் அவர் சொன்னது எனக்கு முழுசாக உறைத்தது. வங்கி பார்த்தது வீட்டை அல்ல, என்னை. என் சம்பளத்தை, நான் இதற்கு முன் தவணை தவறினேனா என்பதை, ஓய்வுபெற எத்தனை வருடம் இருக்கிறது என்பதை. வீடு அவர்களுக்கு இரண்டாவது பிடிமானம்தான். நாளைக்கு அந்த மகளோ அவர் பிள்ளைகளோ வழக்குப் போட்டு, வீடு சிக்கலில் மாட்டினாலும், மாதம் பிறந்தால் தவணை என் சம்பளக் கணக்கிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும். வீட்டில் குறை இருந்தது என்பதற்காகக் கடன் ரத்தாகாது. அவர்களுக்கு என்னைப் போல ஆயிரக்கணக்கான ஃபைல்கள். ஒன்று பழுதானால் கணக்கில் ஒதுக்கிவிட்டு மேலே போவார்கள். எனக்கு இருப்பது இந்த ஒரு ஃபைல். மாப்பிள்ளை வீட்டார் ஊரெல்லாம் விசாரித்துவிட்டார்கள் என்பதற்காகப் பெண் வீட்டார் விசாரிக்காமல் இருந்துவிடுவார்களா?

யோசித்தால் மற்ற எல்லா இடங்களிலும் இதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை, புகைப்படம், சாட்சிகள் எல்லாம் வாங்குகிறார்கள். அங்கே பதிவாவது பத்திரம். விற்பவர்தான் உரிமையாளர் என்று அரசு அங்கே உறுதி கொடுப்பதில்லை. மூல ஆவணத்தைக் கேட்ட தமிழ்நாட்டுப் பதிவு விதி 55அ(i)ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தபோதும் காரணம் இதுவே: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை. ஈ.சி. இருக்கிறதே என்பார்கள். ஈ.சி. என்கிற அந்த வில்லங்கச் சான்றிதழில் பதிவான ஆவணங்கள் தெரியும். பதிவாகாத உயில் தெரியாது, வாரிசு விட்டுப்போனது தெரியாது, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் தெரியாது. கையெழுத்துப் போட்டவர்களின் பெயர் அதில் இருக்கும். போடாதவரின் பெயர் எப்படி இருக்கும்? போதாததற்கு, வங்கிகள் வழக்கமாகக் கேட்பது 30 வருட ஈ.சி. 2024இலிருந்து பின்னால் எண்ணினால் 1994. நம் கதையில் தந்தை இறந்தது 1983. அந்த மகள் முப்பது வருட ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்.

பட்டாவும் அப்படித்தான். 1980களில் நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவேட்டுத் திருத்தத்தில் ஏறிய பிழைகள் இன்றும் தாலுகா அலுவலகங்களில் மனுக்களாக வந்துகொண்டிருக்கின்றன. புறநகர்ப் பகுதிகளில் கட்டடம் எழும்பி, ஃப்ளாட்டுகள் கைமாறி, பட்டா மட்டும் பழைய நிலக்காரர் பெயரிலேயே இருப்பது சர்வசாதாரணம். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கட்டணம் கட்டுகிறோம். ஒவ்வொரு மேஜையிலும் யாரோ எதையோ சரிபார்க்கிறார்கள். அந்தச் சரிபார்ப்பு எதுவும் நமக்காக இல்லை என்பதை மட்டும் ரசீதில் போடுவதில்லை.

அந்த ஃப்ளாட்டை விட்டுவிட்டோம். மனைவிக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்தப் பால்கனி அப்படி. முன்பணத்தைத் திரும்ப வாங்கியது தனி இழுபறி. மனைவி எழுதச் சொன்ன அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் அது வந்திருக்காது. புரோக்கர் எங்களை, ஆகாத வீட்டில் பேய் பார்ப்பவர்கள் என்று மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி. விற்பவருக்கு நான் ஒன்று சொல்லிப் பார்த்தேன்: எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்து, அவருக்குச் சேர வேண்டியதைப் பேசிக் கொடுத்து, ஒரு விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று. "தூங்குற புலியை எதுக்கு சார் எழுப்பணும்?" என்றார். தன் பங்கைக் கேட்காமல் இருக்கும் ஒரு அம்மாள் எப்படிப் புலியாவார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

பிறகு வாங்கிய வீட்டுக்கு முறையை மாற்றிக்கொண்டோம். வீட்டைப் பார்த்துப் பிடித்ததும் டோக்கன் இல்லை. முதலில் தாய்ப்பத்திரம் உட்பட எல்லா நகல்களும். தர மறுத்தவர்களின் வீட்டை அதோடு மறந்துவிட்டோம். இதனால் இரண்டு நல்ல வீடுகள் கைநழுவியிருக்கலாம், பரவாயில்லை. அதே வக்கீல், அதே பென்சில். இந்தத் தடவை அவர் கண்டுபிடித்தது சர்வே எண்ணில் ஒரு மாற்றம். உட்பிரிவு ஆவதற்கு முன்பு அந்த மனைக்கு வேறு எண். அந்த ஊரும் முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கிறது. புதிய எண்ணைப் போட்டுத் தேடினால் பழைய பரிவர்த்தனைகள் ஈ.சி.யில் வராது. பழைய எண்ணுக்குப் பழைய அலுவலகத்தில் தனியாக ஈ.சி. போட்டார். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. அந்த "ஒன்றும் இல்லை"க்குக் கொடுத்த பணம்தான் இந்த வீட்டுக்காக நான் செய்த செலவுகளிலேயே முணுமுணுக்காமல் செய்த ஒரே செலவு.

கடனுக்கு வேறொரு வங்கி. விண்ணப்பத்தை நீட்டும்போதே லீகல் ஒப்பீனியன் நகல் வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த இளம்பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வந்ததும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். ஆக, ஒரு வங்கியில் ரகசியம் என்று சொன்னது இன்னொரு வங்கியில் ஒரு பிடிஎஃப். கட்டணம் கட்டுகிற கடன்தாரருக்கு இந்த அறிக்கையைக் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் நன்றாக இருக்கும். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து கொண்டுவந்ததே, அதற்குமுன் அதையும் நடக்காத காரியம் என்றுதான் சொல்லியிருப்போம்.

அந்த பிடிஎஃப் மூன்று பக்கம். ஆவணங்களின் பட்டியல், சொத்தின் எல்லைகள், உரிமை தெளிவாக இருக்கிறது என்று ஒரு பத்தி. பழைய சர்வே எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில், இந்தக் கருத்து வங்கியின் பயன்பாட்டுக்கு மட்டுமே, வேறு எவரும் இதைச் சார்ந்திருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. பெரியப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை படித்தார். "வேறு எவரும்னா யாருடா, நீயா?" என்றார். ஆமாம் பெரியப்பா, நான்தான்.